உள்ளங்காலில் ஒன்றும் இல்லை

சர்க்கரைக்காரர்களின் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. துடைப்பதற்குப் பழைய வேட்டித் துணிதான் நல்லது. ரூபா, உன் நைனாவின், என் அண்ணனின் கால்களுக்கு இதைப் பதினோரு வருடம் செய்தேன். ஒரு நாளும் தவறவில்லை. அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

என் எழுத்து நீ சொல்லிக் கொடுத்தது. நகரியில் நானும் அண்ணனும் பவர்லூம் ஓட்டிய காலம். அண்ணனுக்குச் சர்க்கரையோடு பி.பி. வந்தது, கண் மங்கியது, பிறகு கிட்னி. ஏழு விதமான மாத்திரை. யாராவது படித்தாக வேண்டுமே என்று நாற்பத்தாறு வயதில் என்னை உட்கார வைத்தாய். நான் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது, மாத்திரை டப்பாவில் நீ எழுதிய ‘சாப்பாட்டுக்கு முன்’. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதில் குறை ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு நான் வேண்டியிருந்தது.

கால் மரத்துப்போனபோது டாக்டர் சொன்னார், முள் குத்தினாலும் இவருக்குத் தெரியாது, தினமும் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. அன்றிலிருந்து தறி நின்றதும் அண்ணனின் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்வேன்.

“இன்னாடா மணிவேலு, என் காலு கீதா?”

“ரெண்டும் கீது அண்ணே.”

“என் காலு எனக்குத் தெரியல, உனக்குத்தான் தெரியுது. அப்போ இது யாரு காலுடா?” என்று சிரிப்பார்.

அந்தக் கேள்வியை நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

போன வருடம் மாசியில் நீ வந்து, நைனாவைச் சூளூர்பேட்டைக்கு, உன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றாய். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லையே என்றேன். “மெதுவா ஏறட்டும் சின்ன நைனா, நடந்தா நல்லதுதான” என்றாய். அண்ணன் அன்றைக்கே துணிகளை மடித்து வைத்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் வீட்டில் ஓர் அறைதான் காலி.

அடுத்த வாரம் அண்ணனின் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, மிளகளவு ஒரு துளையைப் பார்த்தேன்.

“இன்னாடா கீது?”

“ஒண்ணுமில்ல அண்ணே.”

மறுநாளும் அதைத்தான் சொன்னேன். கழுவுவதையும் துடைப்பதையும் விடவில்லை. மூன்றாவது வாரம் அண்ணன் மூக்கைச் சுளித்தார்.

“இன்னாடா நாத்தம்?”

“பரண்ல எலி செத்துக்கீது போல.”

“சாவறதுக்கு அதுக்கு என் வூடுதான் கெடச்சுதா?”

நான் நினைத்தது இவ்வளவுதான். ஒரு பாதம் போனால் மூன்று மாடி ஏற முடியாது. ஒரு பாதம் போதும். மீதி ஆளை நான் பார்த்துக்கொள்வேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். சீழுக்குக் கொடுத்த மருந்தைக் கிட்னி தாங்கவில்லை. மருந்தைக் குறைத்தால் சீழ் ஏறியது. ஒரு நோய்க்கு ஆனது இன்னொன்றுக்கு ஆகவில்லை. இதை இவ்வளவு நாள் பார்க்காமல் எப்படி விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். நீ எனக்காகப் பேச வாயெடுத்தாய். அதற்குள் அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “எந்தம்பி தெனம் பாத்துக்கினுதான் இருந்தான் சார். ஒண்ணுமில்லன்னுதான் சொன்னான்.”

ஒன்பதாம் நாள் இறந்தார்.

நைனாவின் செருப்பைப் பற்றி நீ கேட்டதே இல்லை. உள்ளே மெத்தென்று இருக்குமே, அந்தச் செருப்பு. அதன் அடியிலிருந்து தறிச்சட்டத்து ஆணி ஒன்று ஏறியிருந்தது. துளையைப் பார்த்த அன்றே அதைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கியதையும் எழுத வேண்டும் அல்லவா. நான்காம் நாள் புண் ஆற ஆரம்பித்தது. அன்று அந்த ஆணியை அதே ஓட்டையில் திரும்பச் செருகினேன்.

இப்போது எனக்கும் சர்க்கரை, பி.பி. இரண்டும். பொங்கலிலிருந்து பாதம் மரத்துவிட்டது. நைனாவைப் பார்த்துக்கொண்டவர் என்று சொல்லி அந்தக் காலி அறையை எனக்குக் கொடுத்தாய். சாயங்காலம் ஆனால் என் காலை உன் மடியில் வைத்துப் பார்த்து, “ஒண்ணுமில்ல சின்ன நைனா” என்கிறாய்.

மூன்று நாளாக அறையில் அதே நாற்றம். இது பரண் இல்லாத வீடு. கேட்டதற்கு, “எனக்கு ஒண்ணும் வரலயே” என்றாய். கண்ணாடியைக் காலடியில் வைத்து நானே பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

இந்தத் தாளை மாத்திரை டப்பாவில் வைக்கிறேன். காலையில் எடுப்பாய், படிப்பாய். சாயங்காலம் வழக்கம்போல் காலை நீட்டுவேன். நீ என்ன சொன்னாலும் நம்பிக்கொள்வேன்.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வந்தால் ஒன்றை மட்டும் நினைத்துப் பார். உன் நைனாவைக் கடைசி வரைக்கும் நான் யாரிடமும் விட்டுவிடவில்லை.