பாப்பா திறந்து வைத்த பக்கங்கள்

பிரவுசரில் மூடிப்போன பக்கங்களைத் திரும்பக் கொண்டுவருவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி யாராவது முகம் வெளுத்துப்போய் என் மேசைக்கு வருவார்கள். "எல்லாமே போச்சு" என்பார்கள். எதுவும் போயிருக்காது. எந்தெந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பிரவுசர் தன் பாட்டுக்கு ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதப்படுவதற்கு முன்னால் அந்தக் கோப்பை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டால் போதும். பதறிப்போய் நாலு தடவை மூடித் திறப்பவர்கள்தான் உண்மையில் தொலைக்கிறார்கள்.

மேடம், நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நான் காப்பீட்டு அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பவள். கதை கட்டத் தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

பாப்பா என்பது என் தங்கையை வீட்டில் கூப்பிடும் பெயர். முப்பது தாண்டிய பிறகும் அவள் பாப்பாதான். மருத்துவக் கருவிகளோடு வரும் கையேடுகளை வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பாள். அவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. ஒரு வாக்கியம் முடித்தால் எழுந்து ஜன்னல் வரை போவாள். அங்கே என்ன பார்க்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. திரும்பி வந்து இன்னொரு பக்கத்தைத் திறப்பாள். பழையதை மூட மாட்டாள். மேலே டேப்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பெயர்கூடத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போய் நிற்கும். "இத்தனை எதுக்குடி?" என்றால், "எல்லாம் வேணும்க்கா, மூடினா மறந்துடும்" என்பாள்.

மறதி என்றால் எங்கள் வீட்டில் சும்மா இல்லை. அம்மாவுக்கு மறதி நோய் சீக்கிரமே வந்துவிட்டது. முதலில் சாவியை எங்கே வைத்தேன் என்று கேட்டாள். பிறகு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். வீட்டை விட்டுப் போய் வழி தெரியாமல் தெருவில் நின்றாள். கடைசியில் எங்கள் இருவரையும் பார்த்து, வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னாள். அவள் போகிறவரை நாங்கள் இரண்டு பேரும்தான் பார்த்துக்கொண்டோம். அப்போதிருந்தே பாப்பாவுக்கு உள்ளுக்குள் அந்தப் பயம் உண்டு. பேனாவை எங்காவது வைத்துவிட்டுத் தேடினால்கூட அவள் முகம் மாறிவிடும். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் அவளுடைய லேப்டாப் நின்றுபோய்விட்டது. மறுபடி போட்டபோது பிரவுசர் வெறுமையாக வந்தது. அவள் அழுதே விட்டாள். நான் அவளை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, பழைய கோப்பைத் தேடி எடுத்து, எல்லாப் பக்கங்களையும் வரிசை மாறாமல் கொண்டுவந்து நிறுத்தினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்க்கா?" என்றாள். அம்மா போன பிறகு யாரும் என்னை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். வேலையில் அதுதான் முறை. அப்போதுதான் தெரிந்தது. வெளிநாட்டில் ஒரு மொழிபெயர்ப்புப் பயிற்சி, அதற்குப் பாதி நிரப்பிய விண்ணப்பம். அந்த ஊரிலேயே வாடகைக்கு ஒரு வீடு. வீட்டுக்காரருக்கு எழுதி அனுப்பாமல் விட்டிருந்த செய்தியில், 'நாங்கள் இருவர்' என்று இருந்தது. அந்த இருவரில் நான் இல்லை. அதிலிருந்த மற்றப் பெயர், எங்கள் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருடையது. பாப்பாவின் பார்வை அவ்வளவு மோசமில்லை, ஆனால் மாதம் ஒரு தடவையாவது கண் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான்தான் கண் இருந்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அவள் என்னிடம் சொல்லவில்லை என்பதில் எனக்குக் கோபம் இல்லை. இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. வேலை இல்லாதபோதும் மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்து, "என்ன பண்றே?" என்று கேட்பேன். "வேலைதான்க்கா" என்பாள். எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டே மறுபடி மாடிக்குப் போவேன்.

ஒரு நாள் காலை அவள் குளிக்கப் போனபோது அந்த வாடகை வீட்டுப் பக்கத்தை மூடினேன். பார்த்ததற்கான தடயத்தையும் அழித்துவிட்டு, பிரவுசரை முன்பிருந்தபடியே வைத்தேன். அதற்கு முன் முழுவதையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள் மேடம். பிரதி எடுக்காமல் நான் ஒரு டேப்பைக்கூட மூடியதில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். மேலும் கீழும் தேடினாள்.

"அக்கா, ஒரு பக்கம் திறந்து வச்சிருந்தேன். காணோமே."

"எந்தப் பக்கம்?"

அவள் டேப்களை மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. வேற ஏதோ."

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அதன் பிறகு தினமும் இல்லை. ஒரே மாதிரி செய்தால் யாருக்கும் சந்தேகம் வரும். சில நாள் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவேன். அந்த நாட்களில் அவள் நிம்மதியாக இருப்பாள். பாட்டுக்கூட முணுமுணுப்பாள். பிறகு ஒரு கையேட்டுக்காக அவள் தேடி எடுத்து வைத்திருந்த பக்கங்களில் ஒன்று போகும். விண்ணப்பப் பக்கம் ஒரு நாள் இருக்கும், இரண்டு நாள் இருக்காது, மறுபடி வரும். வந்த பிறகு, "இங்கதானே இருக்கு, பாப்பா. நீ சரியா பாக்கல" என்பேன். அவள் தன் நெற்றியைத் தட்டிக்கொள்வாள்.

அவளாகத்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அம்மாவுக்கு எப்படிக்கா ஆரம்பிச்சுது?" என்றாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்றேன். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு முழுவதும் அறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். நடை ஓய்ந்தபோது நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.

மூடுவது மட்டுமே போதவில்லை. அம்மா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள் என்று சொன்னேன் அல்லவா. நான் பாப்பாவின் பிரவுசரில் ஒரே பக்கத்தை மூன்று இடத்தில் திறந்து வைக்க ஆரம்பித்தேன். ஒரே தேடலை நாலு தடவை. அவற்றைப் பார்த்துவிட்டு அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "இதை நான் எத்தனை தடவ தேடியிருக்கேன் பாருக்கா. தேடினதே ஞாபகமில்ல." நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பிடிப்பாள், அதே பிடி.

வேலை கெட்டது. சொன்ன நாளில் கையேடுகளை முடிக்க முடியவில்லை. முடித்ததையும் நம்பிக்கையில்லாமல் திரும்பத் திரும்பத் திருத்தினாள். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் காலம் தாண்டிவிட்டது. நரம்பியல் மருத்துவரிடம் நானே அழைத்துப்போனேன். நான் கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் குற்றம் சொல்லலாம். மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஞாபகத்துக்கும் சோதனை வைத்தார்கள். முடிவு மருத்துவமனையின் தளத்தில் வரும் என்றார்கள். வந்த அன்று பாப்பா லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"நீயே பாருக்கா. நல்லபடியா இருந்தா மட்டும் சொல்லு. இல்லன்னா ஒண்ணும் சொல்லாத."

பார்த்தேன். எந்தக் குறையும் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. ஞாபகசக்தி அவள் வயதுக்குச் சராசரியைவிட மேல் என்றும் இருந்தது. பிரதி எடுத்துக்கொண்டு பக்கத்தை மூடினேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் பொய் சொன்னேன் என்று எழுதாதீர்கள் மேடம். அந்த அறையில் யாரும் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்றாள் அவள். "சரிக்கா." அந்த வாரமே கண்ணாடிக் கடைக்காரரிடம் போய், கல்யாணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். காரணம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது இரண்டு தெரு தள்ளிப்போய் நின்று எனக்குப் போன் செய்தாள். "வழி மறந்துபோச்சோன்னு பயமாயிருக்கு. நீ வரியா?" மறந்திருக்கவில்லை. நான் போனபோது எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துத்தான் நின்றிருந்தாள்.

கதவை வெளியே பூட்டச் சொன்னதும் அவள்தான். "நான் பாட்டுக்கு எங்கயாவது போயிடுவேன்க்கா. அம்மா போன மாதிரி." நான் முதலில் மறுத்தேன். அவள் கெஞ்சினாள். அதனால் பூட்டினேன். அதற்குப் பிறகு அலுவலகத்தில் என் மனது அவ்வளவாக அலையவில்லை. போன் செய்வதும் குறைந்தது. அவளுக்குத்தான் நிலைகொள்ளவில்லை. சாயங்காலம் நான் வருவதற்குள் அலமாரித் துணிகளை எல்லாம் எடுத்து மறுபடி மடித்து வைத்திருப்பாள். அலமாரிக்கும் கதவுக்கும் நடுவே தரைவிரிப்பு தேய்ந்துபோய்விட்டது. ஒரு நாள் அந்த இடத்தைக் காட்டி, "இது முன்னாடியே இப்படித்தான் இருந்துதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இனிக் கண்ணாடிக் கடைக்காரர். அவர் உங்களிடம் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கும் இது தெரியும். பாப்பா எப்போதோ அவர் கடைக் கணினியில் தன் கணக்கைத் திறந்து ஏதோ காட்டியிருக்கிறாள். அதை அவர் மூடவில்லை. லேப்டாப்பில் என்ன பக்கம் திறந்தாலும் அங்கேயும் பட்டியலில் தெரியும். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதை அவ்வப்போது பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அடுத்தவர் பக்கங்களைப் பார்த்த குற்றம் அவருக்கும் உண்டு. அவரையும் இப்படி எழுதித் தரச் சொல்வீர்களா என்று தெரியவில்லை.

நேற்றுக் காலை அவர் பாப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். எனக்குத் தெரியாது. எதேச்சையாக, "என்ன பண்றே?" என்று கேட்டிருக்கிறார். "அடுப்படியில இருக்கேன். லேப்டாப்பை அக்கா சரிபண்ணிட்டிருக்கா" என்றிருக்கிறாள். அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் கண்ணெதிரில் அந்தப் பட்டியலில் ஒரே தேடல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து நின்றிருக்கிறது. மறதி நோயின் முதல் அறிகுறிகள் என்ற தேடல்.

நான் அலுவலகம் கிளம்பியதும் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். பூட்டைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசியிருக்கிறார்கள்.

"உனக்கு ஒண்ணுமே இல்ல. உங்க அக்காதான் இதெல்லாம் பண்றாங்க. நான் என் கண்ணால பார்த்தேன்."

"அக்காவா? அவ இல்லன்னா நான் எப்பவோ தொலைஞ்சுபோயிருப்பேன்."

"கதவைத் திறக்க ஆள் கூட்டிட்டு வரேன்."

பாப்பா கதவோரம் வந்து நின்றாளாம். பிறகு, "நான் உங்களை வேண்டாம்னு ஏற்கெனவே சொல்லிட்டேனா? இல்ல, சொல்ல மறந்துட்டேனா?" என்று கேட்டாளாம்.

அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு எழுந்து போனாராம். இதையெல்லாம் சாயங்காலம் பாப்பாவே என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவளுடைய ஞாபகம் எப்போதும் அப்படித்தான்.

இன்று காலை அவரோடு நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து பூட்டைத் திறக்கச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பக்கங்களை மூடினேன், புதிய பக்கங்களைத் திறந்தேன், ஸ்கேன் முடிவை மறைத்தேன், அவளுக்கு நோய் என்று அவளே நம்பும்படி செய்தேன், அவளைப் பூட்டி வைத்தேன். ஆனால் எதையும் அழிக்கவில்லை. பிரதிகள் எல்லாம் என்னிடம் தேதி வாரியாக இருக்கின்றன. சொன்னால் இன்றைக்கே உட்கார்ந்து, முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே திறந்து வைத்துவிடுவேன். அந்த வாடகை வீட்டுப் பக்கம்கூட வரும். வீடு வேறு யாருக்காவது போயிருக்கும், அது என் கையில் இல்லை.

செய்ததற்காக வருத்தப்படுகிறாயா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி இனி தேவைப்படாது என்று நினைக்கிறேன். சற்று முன் உங்கள் அறைக்கு வெளியே என்னைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தபோது, நீங்கள் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிய பாப்பா என் எதிரில் வந்து நின்றாள். உட்காரவில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

"அக்கா, இவங்க சொல்றது நிஜமா?"

"நேத்து ராத்திரியே நான் உன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேனே, பாப்பா" என்றேன். "நீகூட என் கையைப் பிடிச்சுட்டு, பரவாயில்லக்கா, மன்னிச்சுட்டேன்னு சொன்னியே. மறந்துட்டியா?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். பேனாவைத் தேடும்போது வரும் அந்த முகம்தான். பிறகு என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஆமால்ல" என்றாள். "சொன்னேன்ல. கோவிச்சுக்காதக்கா, சட்டுன்னு ஞாபகம் வரல."

அவள் என்னை மன்னித்துவிட்டாள், மேடம். வேண்டுமானால் நீங்களே அவளைக் கேட்டுப் பாருங்கள்.