பின்பாரம்

பகல் பன்னிரண்டு மணி. திண்டுக்கல்லிலிருந்து சித்தையன்கோட்டைக்குப் போகிற ரோடு. ஆள் இல்லை, நிழல் இல்லை... ஒரு காக்காய்கூட இல்லை.

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது? உச்சிவேளையில் வருவதுதான் பொல்லாதது. ராத்திரி வந்தால் கண் மயக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பட்டப்பகலில் வந்தால் என்ன சொல்வீர்கள்? அந்த லாந்தரைக் கொஞ்சம் தணித்துவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். லாரி இப்போதைக்குக் கிளம்பாது.

இது என் கூட்டாளி வேலுசாமியின் தாய்மாமன் உடையப்பனுக்கு நடந்தது. வேலுசாமி பொய் சொல்கிற ஆள் இல்லை, அதற்கெல்லாம் அவனுக்குச் சாமர்த்தியம் போதாது.

உடையப்பன் வாலிபத்திலிருந்தே பாரவண்டி ஓட்டியவர். அவருடைய மாட்டுக் கழுத்தில் ஒரு புண் பார்த்தவன் கிடையாது. எல்லாம் பின்பாரத்தின் மகிமை. மூட்டைகளை வண்டியின் முன்னால் அடுக்கினால் நுகத்தடி மாட்டுக் கழுத்தை அழுத்தும். அதனால் உடையப்பன் எப்போதும் பாரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் வைப்பார். நுகத்தடி லேசாகத் தூக்கிக்கொள்ளும், மாடு சுகமாக நடக்கும். வாயில்லா ஜீவனிடம் அவருக்கு அம்புட்டுப் பிரியம்.

அறுபத்து மூன்றாம் வருஷமோ நான்கோ... அவருக்கு வேலை கொடுத்த பண்ணையார் நல்லுசாமி மாடுகளை விற்றுவிட்டு ஒரு டிராக்டர் வாங்கினார். பின்னால் இழுக்க இரண்டு சக்கர டிரெய்லர். உடையப்பனையே டிரைவராக ஏற்றி உட்காரவைத்தார். ஓட்டப் பழக்கியது திண்டுக்கல் பட்டறைக்கார மிக்கேல்ராஜ். அவர் படித்துப் படித்துச் சொன்னார்.

"உடையப்பண்ணே, இது மாடில்ல. பாரத்த முன்னால வைங்க. வால்பக்கம் கூடிப்போச்சுன்னா டிரெய்லர் மூக்கத் தூக்கிரும். எறக்கத்துல வால ஆட்ட ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. இந்த ஆணியும் துள்ளி வெளிய வந்துரும். ரெண்டு டன்னுக்கு மேல ஏத்தவே கூடாது, ஆமா."

ஆணி என்றால், டிராக்டரையும் டிரெய்லரையும் கோத்து வைக்கிற தடித்த இரும்பு ஆணி. அது ஒன்றுதான் பிடிமானம்.

உடையப்பன் தலையை ஆட்டினார். ஆனால் கை கேட்க வேண்டுமே! மூட்டையைத் தூக்கினால் அது தானாகப் பின்னால்தான் போனது. நல்லுசாமிக்கு வேறு நினைப்பு.

"நாலு சோடி மாட்ட வித்து வாங்குனது, நாலு வண்டிப் பாரம் இழுக்கலேன்னா எனக்கு எதுக்குய்யா இந்த இரும்பு? ஏத்து!"

தை அறுப்பு முடிந்து நெல் மில்லுக்குப் போன நாள். நல்லுசாமி நின்று ஏற்றச் சொன்னார், உடையப்பன் நின்று அடுக்கினார். பாரம் அளவுக்கு மேலே, அதுவும் வால்பக்கம். அதற்கும் மேலே உடையப்பன் மனைவி ராமுத்தாய் ஏறிக்கொண்டாள். மகள் பொன்னழகுக்குச் சீலை எடுக்கத் திண்டுக்கல் போகவேண்டும். புருஷன் முதுகை ஒட்டி முன்னால் உட்காரக் கூச்சம் அவளுக்கு. வண்டி என்றால் பெண்பிள்ளைகள் கடைசியில், பின்பக்கம் பார்த்து, காலைத் தொங்கப்போட்டுத்தான் உட்காருவார்கள். அவளும் அப்படித்தான் உட்கார்ந்தாள், வாயில் ஒரு துண்டுப் புகையிலையை அதக்கிக்கொண்டு.

குடகனாற்றுத் தரைப்பாலத்துக்கு இறங்குகிற சரிவு. சரியான உச்சி. முதலில் ஆணி சத்தம் போட்டது... டொக்... டொக்... ஓட்டைக்குள் எழும்பி எழும்பி விழுகிற சத்தம். பிறகு டிரெய்லர் வாலை ஆட்டியது. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... உடையப்பன் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். ணங்!

அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது டிரெய்லர் குப்புறக் கிடந்தது. மூட்டைகளுக்கு அடியில் ராமுத்தாய்... கழுத்து முறிந்து, தலை ஒரு பக்கமாகத் தொங்கிப்போய் இருந்தது. சேதி கேட்டு வந்த நல்லுசாமி முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "சாக்கு கிழியாம எடுங்கப்பா." நாசமாய்ப் போக! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எழவு வீட்டில் பொன்னழகு அழவில்லை. தகப்பன் முன்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாட்டுக்கு அம்புட்டுப் பாத்தியே... எங்கம்மாவுக்குப் பாத்தியா?"

அதற்கப்புறம் அவரோடு பேச்சில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

உடையப்பன் மறுபடியும் அதே டிராக்டரில்தான் ஏறினார். வேறு எங்கே போவார்? இப்போது பாரத்தை முன்னால் அடுக்கினார். ஆணி எழும்பாமல் கம்பி போட்டு முறுக்கினார். யார் கெஞ்சினாலும் டிரெய்லரில் ஏற்றமாட்டேன் என்றார். எல்லாம் சரியாகச் செய்தார். செய்து என்ன பிரயோசனம், சொல்லுங்கள்?

ஒருநாள் மில்லில் நெல்லை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு திரும்பினார். உச்சிவேளை. கம்பி முறுக்கிய ஆணி வெறும் டிரெய்லரில் அசையாது. தரைப்பாலத்துக்கு இறங்கினார்...

டொக்.

...டொக்.

கூடவே பச்சைப் புகையிலை வாசம். திரும்பினார். டிரெய்லரில் ஒன்றுமில்லை. ஆனால் அதன் வால்பக்கம் தாழ்ந்திருந்தது. கடைசியில் யாரோ உட்கார்ந்திருந்தால் தாழுமே, அந்த அளவு. பாலம் முடிகிறவரை சத்தம் கேட்டது. மேடு ஏறத் தொடங்கியதும் நின்றுவிட்டது.

நீங்களும் நானும் என்றால் டிராக்டரைப் போட்டுவிட்டு ஓடியிருப்போம். உடையப்பன் ஓடவில்லை. மறுதடவையும் உச்சிக்கே பாலத்துக்கு வந்தார். அதற்கடுத்த தடவையும். திரும்பிப் பார்த்தால் வராமல் போய்விடுவாளோ என்று, பார்ப்பதையே விட்டுவிட்டார். முன்னால் பார்த்தபடியே பேசுவார்.

"ராமுத்தாயி... முன்னால வந்துரு. என்னய ஒரு தடவ திரும்பிப் பாரு. அது போதும்."

டொக்... டொக்... அதுதான் பதில். அவள் பின்னால் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள், தன் பக்கம் திரும்பமாட்டேன் என்கிறாள் என்று மனுஷன் உருகிப்போனார். ஒரு தடவை அவள் திரும்பிவிட்டால் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்காகத்தான் உயிரை வைத்திருந்தார்.

வெறும் வண்டியோடு உடையப்பன் பேசுகிறார் என்று ஊர் பேசியது. அது பொன்னழகு காதிலும் விழுந்தது. அவளுக்கும் தாயைப் பார்க்க வேண்டும் போலிருந்தது... பெற்றவள் அல்லவா!

நல்லுசாமி புதுவீடு கட்டினார். திண்டுக்கல்லிலிருந்து கல்தூண் ஏற்றிவரச் சொன்னார். உடையப்பன் தூண்களை முன்னால் தள்ளி வைத்து, தன் கையாலேயே கயிறு போட்டுக் கட்டினார். அன்றும் உச்சிவேளை, வழக்கம்போலப் பாலத்துக்கு முன்னால் டிராக்டர் கொதித்தது. நிறுத்திவிட்டு, ரேடியேட்டருக்கு ஊற்ற வாய்க்காலில் தண்ணீர் மொள்ளப் போனார். அந்த நேரத்தில், கருவேலஞ் செடி மறைவில் காத்திருந்த பொன்னழகு டிரெய்லரில் ஏறினாள். கடைசியில், தூணின் நுனியில், தாய் உட்கார்ந்த மாதிரியே பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

உடையப்பன் வந்தார், திரும்பிப் பார்க்காமல் கிளப்பினார்.

இறக்கத்தில் டொக் டொக். பாலத்தில் டொக் டொக். மேடு ஏறும்போது நிற்கவேண்டிய சத்தம் நிற்கவில்லை... கூடியது. உடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்னைக்கு மேடு வரைக்கும் கூட வாராளே!" கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, காலோ இன்னும் அழுத்தி மிதிக்கிறது. பாவி மனுஷன்... அது அவள் இல்லை. மேட்டில் கயிறு தளர்ந்து தூண்கள் பின்னால் சரிந்துகொண்டிருந்தன. டிரெய்லர் மூக்கைத் தூக்குகிற சத்தம் அது.

வீச்சென்று ஓர் அலறல். பின்னால் தடதடவென்று கல் விழுகிற சத்தம். டிரெய்லரின் மூக்கு தொப்பென்று இறங்கியது. ஆணி வாயடைத்துப்போனது.

அவர் குதித்து இறங்கினார். தூண்கள் ரோட்டில் விழுந்து துண்டு துண்டாகக் கிடந்தன. டிரெய்லரின் முன்மூலையில், அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் பின்னால், பொன்னழகு ஒடுங்கிக் கிடந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சடை மட்டும் அவிழ்ந்து, ஒரு கொத்து முடி பிய்ந்து வந்திருந்தது. டிரெய்லர் முழுக்கப் புகையிலை வாசம்.

அன்றைக்குத்தான் மகள் தகப்பனிடம் வாய் திறந்தாள்.

"யப்பா... அம்மா எஞ் சடையப் பிடிச்சு இழுத்து முன்னால போட்டா."

உடையப்பன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். மகள் பிழைத்ததுகூட அப்புறம்தான் உறைத்தது.

"நீ பாத்தியா தாயி? அவளப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்னயப் பாத்தாளா? எம் பக்கம்... ஒரு தடவயாச்சும் திரும்புனாளா?"

பொன்னழகு ரோட்டில் கிடந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பத்தான் பாத்தா யப்பா... ரெண்டு கையாலயும் தலயப் பிடிச்சு, உம் பக்கம் திருப்பித் திருப்பி வச்சுப் பாத்தா... தலதான் நிக்கல."