இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல்

— இன்னும் பலமா இழுத்துச் சாத்தணும் தாயி. மெதுவாச் சாத்துனா பிடிக்காது. ஆங், அப்படி. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க, அந்தப் பின்கதவு உள்ள இருந்து தொறக்காது. எறங்கும்போது நான் வந்து வெளிய இருந்து தொறந்து விடுவேன்.

— சரி அண்ணாச்சி. வேற என்னென்ன தொறக்காது?

— ஏட்டி வின்சி, ஏறி ஒக்காந்ததும் குத்தம் பிடிக்க ஆரம்பிச்சிட்டியா? சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி உள்ளத உள்ளபடி சொல்லுதாரு. எஞ்சின் சத்தத்தக் கேளு. பதிமூணு வருச வண்டி மாதிரியா இருக்கு? ஸ்மூத்தா போகுதுல்ல?

— வண்டி இன்னும் நகரவே இல்லியேங்க.

— போகும்ங்கேன்.

— எட்வின் தம்பி, கிளச்ச முழுசா அமுக்குங்க. பாதில விட்டா அவளுக்குப் பிடிக்காது. ம், இப்ப விடுங்க. பாத்தீங்களா, வழுக்கிட்டுப் போறா.

— நேத்து பேசுனது ஞாபகம் இருக்குல்ல வின்சி? ராஜபாளையத்துல ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்டிஓ ஆபீஸ் வாசல் வரைக்கும் ஓட்டிப் பாக்கணும். அங்க வச்சு நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். அண்ணாச்சி பேரு மாத்துற ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுத் தயாரா வச்சிருக்காரு. நானும் அச்சாரத்துக்கு வெத்தல பாக்கு வாங்கி வச்சிருக்கேன்.

— வெத்தல பாக்கா? நம்ம வீட்டுல எப்பங்க அந்தப் பழக்கம்?

— அண்ணாச்சிக்கு அது வேணும்ல. வெத்தலையில வச்சு நீட்டி, அவரு கை நீட்டி வாங்கிட்டாருன்னா பேச்சு முடிஞ்சது. பொறவு வேற யாரும் வந்து கூட்டிக் கேட்டாலும் மாத்த மாட்டாரு. அப்படித்தான அண்ணாச்சி?

— எங்க அய்யா காலத்துல இருந்து அப்படித்தான். மாடு வித்தாலும் சரி, வண்டி வித்தாலும் சரி.

— ஏங்க, அந்த முள்ளு செவப்புல நிக்குது பாருங்க.

— அது இருக்கட்டும் தாயி, எப்பவும் அங்கதான் நிக்கும். அடுத்து ஒரு பங்க் வரும். ஒரு இருநூறுக்குப் போட்டுக்கிடுவோம். நான் இந்த வண்டிக்கு இருநூறுக்கு மேல போட்டதே கெடையாது.

— ஓட்டிப் பாக்க வந்தவன் தலையிலயா பெட்ரோலு?

— ஓட்டுறவரு நீங்கதான தம்பி?

— சரி, போடுதேன். இந்தா, பங்க் வந்துட்டு. ஏப்பா, இருநூறுக்குப் போடு. மீட்டர் ஓடுறதப் பாரு வின்சி. ரெண்டு லிட்டர் முழுசா வரல, அதுக்குள்ள முடிஞ்சிட்டு.

— கொள்ளை. அம்புட்டும் கொள்ளை. உலகத்துல எந்த நாட்டுலயும் பெட்ரோலு இந்த வெலை விக்காது, எழுதி வச்சுக்கோங்க.

— அப்படிச் சொல்லக்கூடாது அண்ணாச்சி.

— போச்சு. அண்ணாச்சி, தெரியாம வாயக் குடுத்துட்டீங்க. இவ பேண்டேஜ் துணி கம்பெனில எக்ஸ்போர்ட் செக்சன்ல இருக்கா. வெளிநாட்டு பார்ட்டிக்கு மெயில் போடுவா. சரக்கு கப்பல் ஏறிட்டுன்னு எழுதிட்டு, கடைசி வரியில உங்க ஊர்ல இன்னைக்கு பெட்ரோல் என்ன வெலைன்னு கேப்பா.

— நெசமாவா தாயி?

— கப்பல் வாடகையே எண்ணெய் வெலையை வச்சுத்தான் ஏறும், எறங்கும். மொதல்ல அதுக்குத்தான் கேட்டேன் அண்ணாச்சி. பொறவு ஒரு ஆசை வந்துட்டு, ஏன் ஊருக்கு ஊரு மாறுதுன்னு. எங்க மொதலாளி ஒரு நாளு அந்த மெயிலப் பாத்துட்டு, "ஏம்மா, பெட்ரோல் பங்க் வைக்கப் போறியா"ன்னு கேட்டாரு.

— அப்ப சொல்லுங்க, யாரு நம்மளவிடக் கொள்ளை?

— நார்வேன்னு ஒரு நாடு. கடலத் தோண்டி அவங்களே எண்ணெய் எடுக்காங்க. அங்க லிட்டரு நம்ம காசுக்கு நூத்தி எழுபது, எண்பது வரும்.

— எடுக்குறவனுக்கேவா?

— அதத்தான் பிரிச்சுப் பாக்கணும். எண்ணெயோட வெலை எல்லா நாட்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் அண்ணாச்சி. அதுக்கு மேல ஏறி ஒக்காந்திருக்கதுதான் வரி. நார்வேகாரன் எடுக்க எண்ணெய வெளிய வித்துட்டு, உள்ளூர்க்காரனுக்கு வரியப் போட்டு விக்கான். கொறைச்சு ஓட்டட்டும், கரண்டு வண்டிக்கு மாறட்டும்னு. குவைத்துல வரியே இல்ல, அங்க இருபத்தஞ்சு ரூவாகிட்ட. நம்ம நூறு ரூவாயில நாப்பது ரூவாய ஒட்டி வரி. டெல்லிக்கு ஒரு பங்கு, சென்னைக்கு ஒரு பங்கு.

— பாத்தியா! நார்வேல நூத்தி எண்பது, இங்க நூறு. அப்ப நமக்குச் சல்லிசு. வாங்கிரலாம்ல வின்சி?

— அதுக்குள்ள துள்ளாதீங்க. வெலைய மட்டும் பாத்தா தப்பு, சம்பளத்தையும் சேத்துப் பாக்கணும். நார்வேல ஒருத்தன் ஒரு மணி நேரம் வேலை பாத்தா பத்து லிட்டர் வாங்கலாம். நீங்க மில்லுல நாளு பூரா வயரிங் பாத்தா எத்தன லிட்டர்?

— ஏழு.

— அம்புட்டுதான்.

— நல்லாக் கேட்டீங்க தாயி. தம்பி முகம் சுருங்கிட்டு. தம்பி, ரோட்டப் பாருங்க, லாரிக்காரன் கையக் காட்டுதான்.

— பாத்துட்டேன் அண்ணாச்சி. பாருங்க, பிரேக்கும் ஸ்மூத்தா பிடிக்கு.

— என் வண்டியாச்சே. தனுசு ஓட்டிப் பழகுன வண்டி. என் மகன். இதுலதான் லைசென்ஸ் எடுத்தான். சிங்கப்பூர்ல வெல்டரா இருக்கான், பதினோரு வருசம் ஆச்சு.

— அவரு வச்சுக்கிடலையா அண்ணாச்சி, வண்டிய?

— அவனாலதான் விக்கேன் தாயி. ரெண்டு வருசம் முந்தி ஒரு மாச லீவுல வந்தான். காலைல எந்திரிச்சதும் சாவிய எடுப்பான். ஒரு நாளு தேவதானம். ஒரு நாளு கான்சாபுரம். ஒரு நாளு மலையடிவாரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருதான். அங்க யார்லே இருக்கான்னு கேட்டா, "யாரும் இல்லப்பா, சும்மாதான்"ங்கான். சும்மா! லிட்டர் நூறு ரூவா விக்கு, இவன் சும்மா போயிட்டு வருதான்.

— இருநூறுக்குப் போடுற ஆளு நீங்க. எம்புட்டு நாளு பொறுத்தீங்க?

— பதினெட்டு நாளு. பத்தொன்பதாம் நாளு ஆணியில தொங்குன சாவிய எடுத்து ஒளிச்சு வச்சேன்.

— அய்யோ.

— சத்தம் போடல தாயி அவன். வெறும் ஆணியப் பாத்தான், என்னயப் பாத்தான், உள்ள போயிட்டான். லீவு முடிஞ்சு போனவன் பொறவு வரவே இல்ல. போனு பண்ணா அவங்கம்மாட்டதான் பேசுதான். மொதல்ல கேக்கதே வண்டி எப்படி இருக்குன்னுதான். அப்பன் எப்படி இருக்கான்னு கடைசிலதான். அதான், வண்டிய வித்துட்டா சண்டைக்கு என்ன இருக்குன்னு...

— வித்தா சரியாயிருமா அண்ணாச்சி?

— தெரியல தம்பி. கஞ்சப்பய. பதினோரு வருசமா சம்பாதிக்கான். அங்க ஒரு காரு வாங்கி ஓட்டு ஓட்டுன்னு ஓட்ட வேண்டியதுதான? எம் பெட்ரோலையா கரிக்கணும்? அத விடுங்க. தாயி, நீங்க பெட்ரோல் கதைய முடிங்க. தம்பி வாடிப் போயி ஓட்டுதாரு.

— பெட்ரோல் பாதிக் கததான் அண்ணாச்சி. வண்டி வச்சிருக்கதுக்குன்னு தனி வரி இருக்குல்ல, அதையும் பாக்கணும். லண்டன் பக்கம் வருசா வருசம் வண்டி வரி கட்டணும். வண்டி மூணு வயசு தாண்டிட்டா வருசா வருசம் பரிசோதனைக்கும் கொண்டு போகணும். நம்ம ஊர்ல வாங்கும்போதே ஆயுள் வரி கட்டியாச்சு. இந்த வண்டிக்கு அண்ணாச்சியே கட்டிட்டாரு. நம்ம கைக்கு மாறுனாலும் மறுபடி கட்ட வேண்டாம்.

— ஆங்! இத மொதல்லயே சொல்லக்கூடாதா?

— ரெண்டு வருசம் கழிச்சு ஆர்சி புதுப்பிக்கணுங்க. அப்ப பழைய வண்டிக்குன்னு பசுமை வரி ஒண்ணு வரும்.

— ஏத்தி விட்டு எறக்கி விடுதாளே அண்ணாச்சி. இவகூட வாழுறதும் இப்படித்தான்.

— நல்லாத்தான் வாழுதீங்க, தெரியுது.

— டென்மார்க்குன்னு ஒரு நாடு இருக்கு. அங்க புதுக் காருக்குப் பதிவு வரியே, வெலை கூடுன வண்டியா இருந்தா ஒன்றரை மடங்கு வரைக்கும் போகும். காரு பத்து லட்சம்னா வரி பதினஞ்சு லட்சம். எங்க டென்மார்க் பார்ட்டி ஒரே தடவையில எழுநூறு பெட்டி ஆர்டர் போடுற ஆளு. ஆபீசுக்கு சைக்கிள்லதான் போறாராம். போட்டோ அனுப்பியிருந்தாரு, மழையில நனைஞ்சுக்கிட்டு.

— எழுநூறு பெட்டிக்காரன் சைக்கிள்லயா? அப்ப நான் ஸ்கூட்டர்ல ரெண்டு பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு, மழையில உங்க அம்மா வீட்டுக்குப் போறத ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

— அனுப்பியாச்சு.

— அடிப்பாவி.

— ஆனா எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடுற ஊரு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. உங்க மகன் இருக்க ஊருதான்.

— சிங்கப்பூரா?

— அங்க காரு வாங்கணும்னா காசு இருந்தா மட்டும் பத்தாது. மொதல்ல காரு வச்சுக்கிட ஒரு சான்று வாங்கணும். சின்ன ஊரு, ரோடு அம்புட்டுதான் இருக்கு. இத்தன காருதான் ஓடலாம்னு அரசாங்கமே கணக்கு வச்சிருக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவை ஏலம் விடுவாங்க. யாரு கூடக் கேக்காங்களோ அவங்களுக்குத்தான் சான்று.

— எம்புட்டுக்குப் போகும்?

— நம்ம காசுக்கு அறுபது, எழுபது லட்சம் வரைக்கும் போயிருக்கு.

— காரோட சேத்தா?

— காரு தனி அண்ணாச்சி. இது வெறும் சான்றுக்கு. அதுவும் பத்து வருசத்துக்குத்தான். பத்து முடிஞ்சா மறுபடி பணம் கட்டணும், இல்லன்னா வண்டிய ஒப்படைச்சிரணும். பெட்ரோலும் நம்மள மாதிரி ரெண்டு பங்குகிட்ட.

— வெல்டரு வாங்க முடியாதா?

— எப்படி முடியும் அண்ணாச்சி? அங்க பொறந்து வளந்து, ஆபீசுல வேலை பாக்கவங்களே பாதிப் பேரு பஸ்லயும் ரயில்லயும்தான் போறாங்க.

— ஓ.

— வன்னியம்பட்டி வந்துட்டு. கோபுரம் தெரியுது பாரு வின்சி. இன்னும் செத்த தூரம்தான்.

— தாயி, அப்ப அவன் அங்க பதினோரு வருசமா ஸ்டியரிங்கத் தொட்டே இருக்க மாட்டான்ல?

— தொட்டிருக்க மாட்டாருன்னுதான் நெனைக்கேன்.

— வேலைக்கு லாரியில ஏத்திட்டுப் போவாங்கன்னு சொல்லியிருக்கான். பின்னால ஒக்காந்துக்கிட்டுப் போவோம்பான். நான், சரி, போறதுக்கு வண்டி இருக்குல்லன்னேன்.

— அண்ணாச்சி, நான் ஏதோ பேச்சுவாக்குல...

— நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல தாயி. தம்பி, கிளச்சு. முழுசா அமுக்குங்க.

— அமுக்கிட்டேன் அண்ணாச்சி. இந்தா, ஆபீஸ் வாசலு வந்துட்டு. ஓரமா நிப்பாட்டுதேன். வின்சி, உன் கெடு முடிஞ்சது. சொல்லு.

— யோசிச்சுட்டேங்க. தெனமும் ஓட்டுனா நமக்குத் தாங்காது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு, அப்படியே தேவதானத்துல அம்மா வீட்டுக்கு, அம்புட்டுதான்னா வாரத்துக்கு ரெண்டு, மூணு லிட்டர்தான் ஆகும். ஆயுள் வரியும் கட்டியாச்சு. பிள்ளைக நனையாது. உலகம் பூரா பாத்துட்டேன், ஒரு பழைய கார வச்சுக்கிட இதவிடத் தோதான ஊரு அதிகம் இல்ல. வாங்கலாம்.

— ஏட்டி! நெசமாவா?

— நெசமாத்தான். அண்ணாச்சி, கதவத் தொறந்து விடுங்க, எறங்குதேன். உங்க வண்டியில அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல.

— ஏட்டி, இரு, மொதல்ல அச்சாரம். அண்ணாச்சி, இந்தாங்க வெத்தல, பாக்கு, மேல பணம். கைய நீட்டுங்க.

— செத்த இருங்க தம்பி.

— அண்ணாச்சி? கை மரத்துப் போச்சு எனக்கு.

— எறங்க வேண்டாம் தாயி. எட்வின் தம்பி, வண்டியத் திருப்புங்க.

— ஆபீஸ் இந்தப் பக்கம்ல இருக்கு.

— ஆபீசுக்கு இல்ல. வந்த வழியில ஒரு பங்க் இருந்துச்சுல்ல, அங்க.

— இப்பதான இருநூறுக்குப் போட்டோம்?

— பத்தாது.

— அண்ணாச்சி... வண்டி எங்களுக்கு இல்லியா?

— வெத்தலைய உள்ள வைங்க தம்பி. கோவிச்சுக்கிடாதீங்க. நான் கை நீட்டி வாங்கல, வாங்கியிருந்தா பேச்சு மாற மாட்டேன், அது உங்களுக்கே தெரியும்.

— ஏட்டி வின்சி, ஒன்னய வண்டியில ஏத்துனது என் தப்பு. என்னய வாங்க வைக்கிறதுக்குப் பேசுனியா, இவர விக்காம இருக்க வைக்கிறதுக்குப் பேசுனியா?

— நான் வெலை எப்படி ஏறுதுன்னுதாங்க சொன்னேன்.

— சொன்ன. நல்லாச் சொன்ன. ஆறு மாசமா இந்த வண்டியச் சுத்திச் சுத்தி வந்தேன்.

— தம்பி, கேட்டுக்கோங்க. அவன் வாரது வரைக்கும் வண்டி சும்மா நிக்கக்கூடாது, நின்னா கெட்டுப் போகும். ஞாயித்துக்கிழமை காலைல வந்து சாவிய எடுத்துக்கோங்க. பிள்ளைகள ஏத்திக்கிட்டு எங்கயும் போங்க. வாடகையெல்லாம் வேண்டாம்.

— பெட்ரோலு?

— ஓட்டுறவருதான் போடணும். அதுல மாத்தமில்ல.

— சிரிக்காதட்டி. சரி அண்ணாச்சி, திருப்புதேன். வண்டி உங்களுதுதான், ஆனா ஸ்மூத்தா போகுதுல்ல?

— போகுது தம்பி. செத்த மெதுவாப் போங்க, போன் பேசணும். இந்த நம்பரு அவங்கம்மா போட்டுக் குடுக்கதுதான், நானாப் போட்டதில்ல. தாயி, இதுல பச்சையா இருக்கதத்தான அமுக்கணும்?

— ஆமா அண்ணாச்சி. மணி அடிக்கு, காதுல வைங்க.

— ஏலே தனுசு, அப்பாதான். இல்லலே, அம்மா நல்லாத்தான் இருக்கா. வேலையா? ஒரு நிமிசம் கேளு... டேங்க் நெறையப் பெட்ரோல் போட்டு வைக்கேன், சாவி ஆணியிலதான் தொங்கும், எப்பலே வார?