துணையோடு வரும் பெண்களின் வாசல்

பின்னேரம் ஐந்து மணி. ஜனவரி மாதம், ஆகவே நல்ல இருட்டு. கனடாவில், ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், கடைசி பஸ் தரிப்புக்கும் அப்பால் ஒரு பழைய தெரு... ஒரு பக்கம் வெறும் வயல். மறுபக்கம் ஒற்றைக் கட்டடம். போர்வையை இழுத்துக்கொண்டு கிட்ட வாருங்கள், பிள்ளைகளே. ஜெனோசன், சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடி. நடுவில் சிரித்தால் கதையை விட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு நடந்தது. என்னோடு வேலை செய்த குஞ்சித்தம்பியின் தங்கை கனகாம்பிகைக்கும் அவள் புருசன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும்.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் அங்கிருந்த கிராமத்தின் தவறணை, குடிக்கிற கடை. செங்கல் சுவர், தாழ்ந்த முகடு, தூண் வைத்த விறாந்தை. குதிரை வண்டிக்காரர் இறங்கிக் குடித்த காலத்தில் கட்டியது. பிறகு வந்த சட்டம் அதை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆண்கள் குடிக்க ஒரு பக்கம். பெண்கள், அதுவும் ஓர் ஆணின் துணையோடு வந்தால், மறுபக்கம். நடுவில் கனத்த சுவர். சுவரில் கிளாஸ் நீட்ட மட்டும் ஒரு சின்னப் பலகைக் கதவு. வெளியே இரண்டு வாசல். முன்னால் இருந்ததில் 'ஆண்கள்' என்றும் பக்கவாட்டில் இருந்ததில் 'துணையோடு வரும் பெண்கள்' என்றும் எழுத்து. தனியாக வந்த பெண்ணுக்கு எந்த வாசலும் இல்லை. என்ன நியாயமோ, நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு பனிக்காலத்தில் புருசனைத் தேடி ஒருத்தி வந்தாளாம். கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாளாம். அவன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டே குடித்தானாம். காலையில் விறாந்தையில் விறைத்துக் கிடந்தாள் என்று அந்தப் பக்கத்துச் சனம் சொல்லும்.

பூட்டிக் கிடந்த அதை ஸ்ரீஸ்கந்தராசா கல்யாண மண்டபமாக்க எடுத்தார். நடுச்சுவரை உடைக்க வேண்டும். சுத்தியலால் ஒரு அடி... சுவருக்குள்ளிருந்து யாரோ திருப்பி அடித்தார்கள். முதலில் ஒரு கை. பிறகு பல கை. பூட்டிய அறையில் கிளாஸ் முட்டும் சத்தம். புளித்த பியர் மணம்.

குஞ்சித்தம்பிதான் வழி சொன்னான்.

"குடிச்சுச் செத்த சனம் மச்சான். அவைக்குப் பிடிச்சதை வைச்சுப் படை. கதவைச் சாத்திப்போட்டு வெளியில நில். ஆர் கூப்பிட்டாலும் இடையில திறக்காத."

அன்று பின்னேரம் ஆண்கள் பக்கத்தில் சாராயம், பொரித்த இறைச்சி, சிகரெட் எல்லாம் படைத்தார். கதவைச் சாத்தி விறாந்தையில் நின்றார். கனகாம்பிகை கட்டடத்தின் பக்கவாட்டில், காருக்குள், ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தாள். எஞ்சின் உறுமல் அவருக்குக் கேட்டது.

உள்ளே கதிரை இழுபட்டது. தீக்குச்சி உரசியது... சிகரெட் மணம் கதவு இடுக்கால் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள் என்று அவருக்கு நிம்மதி.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து...

"இஞ்சேருங்கோ!"

கனகாம்பிகையின் குரல்.

"இஞ்சேருங்கோ! உங்களைத் தேடி வந்தனான், கதவு சாத்துப்பட்டிட்டுது. குளிருது, வந்து திறவுங்கோ!"

அவர் அசையவில்லை. எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் காரில்தான் இருக்கிறாள், இது என்னை ஏமாற்றப் பார்க்கிறது என்று நினைத்தார். சின்னப் பலகைக் கதவில் படபடவென்று அடி. அவள் அழுதாள். அவர் காதைப் பொத்திக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தார். பாவி மனிதன், ஒரு எட்டு நடந்து காரை எட்டிப் பார்த்திருக்கலாம்.

பிறகு உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல்.

"ஓம்... வாறன்."

ஸ்ரீஸ்கந்தராசாவின் குரல். ஆனால் அவர் வாயில் அப்போதும் தேவாரம்தான்.

அழுகை சட்டென்று நின்றது.

காரை நோக்கி ஓடினார். எஞ்சின் ஓடுகிறது, கதவு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. பனியில் அவளுடைய சப்பாத்துத் தடம் பெண்கள் வாசலுக்குப் போயிருந்தது. தோளால் மோதிக் கதவைத் திறந்தார்.

சுவரிலிருந்த சின்னப் பலகைக் கதவு திறந்து கிடந்தது. கனகாம்பிகை ஒரு மேசையருகே கதிரையில் இருந்தாள். முன்னால் படையல் சாராயக் கிளாஸ், வெறுமையாக. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆர் நீங்கள்?"

"கனகம், நானப்பா... நான்தான்!"

"நான் கூப்பிட்டனான். இவர் வந்தவர்."

பக்கத்துக் கதிரையைக் காட்டினாள். அதில் யாருமில்லை.

அவர் கையைப் பிடித்து இழுத்தார், உதறினாள். கெஞ்சினார், அழுதார். கடைசியில் தானாகவே எழுந்து வந்தாள். காரில் முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால் ஏறி, ஓரமாக ஒதுங்கி இருந்து, தன் பெல்ற்றைப் பூட்டினாள்... டக். பிறகு சரிந்து பக்கத்துப் பெல்ற்றையும் இழுத்துப் பூட்டினாள். டக்.

ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியில் பார்த்தார். அந்தப் பெல்ற் சீட்டில் படியவில்லை. ஒரு ஆளின் நெஞ்சளவு உப்பி நின்றது... மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.