பாறைமுனையில் விழுந்த எட்டுப் பவுண்டு மீன்

என் பெயர் வெண்டல் ப்ரூவிட். வயது 53. டென்னசி மாநிலம், கோல்ட்டர் கவுண்டி, ஹிக்கரி சாலை 14ஆம் எண் வீட்டில் மனைவி டார்லாவுடன் குடியிருந்து, பாய்லர் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. முப்பது வருடமாகப் படகில் மீன்பிடிப் போட்டிக்குப் போகிறவன் இதைச் சொல்லக் கூசுகிறது. டார்லாவுக்கே தெரியாது, இந்தப் பகுதியை மட்டும் அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

நேற்று சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, ஏரியில் பாஸ் என்ற மீனைப் பிடிக்கும் எங்கள் கிளப்பின் இரவுப் போட்டிக்கு நானும் டார்லாவின் தம்பி ராய்ஸும் என் படகில் புறப்பட்டோம். படகுக்கு ஐந்து மீன்தான் கணக்கு. உயிரோடு கொண்டுவந்து விடியற்காலை மூன்று மணிக்குள் எடை போட வேண்டும். பதினோரு வருடமாக எங்களுக்குக் கடைசி இடம். படகுத்துறையில் க்ளெட்டஸ் என்பவர் எல்லார் முன்னிலையிலும், "என்னப்பா வெண்டல், மீன் பிடிக்கப் போறியா, அதுங்களுக்குச் சாப்பாடு போடப் போறியா?" என்று கேட்டார். அவர் போன வருடம் ஜெயித்த லட்சணம் ஊருக்கே தெரியும். அது இந்த வாக்குமூலத்தில் சேராது என்று இதை எழுதிக்கொள்ளும் அதிகாரி சொல்வதால் விடுகிறேன்.

அதன் பிறகு பாறைமுனையில் படகை நிறுத்தி ஊதா விளக்கைப் போட்டோம். அந்த வெளிச்சத்தில் தூண்டில் நூல் மட்டும் தடித்து மின்னும். நூல் துள்ளினால் மீன். புழுக்கம் தாளாமல் ராய்ஸ் மிதவைச் சட்டையைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்து, கோக் பாட்டிலில் வேர்க்கடலையைக் கொட்டிக் குடித்தான். நான் கழற்றவில்லை, காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு இரண்டு மணிவாக்கில், படகின் மீன் தொட்டியில் நான்கு மீன் இருக்கையில், என் நூல் துள்ளியது. மேலே வந்த மீன் எட்டுப் பவுண்டுக்குக் குறையாது. ராய்ஸ் வலையோடு குனிந்து, "மச்சான், நூலைத் தளர விட்டுராத! இதை விட்டேன்னா அக்கா உன்னை வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டா!" என்றான். மீன் படகுக்கடியில் திரும்பியது. அதை எட்டிப் பிடிக்கப் போன ராய்ஸ் மோட்டாரில் தலை மோதித் தண்ணீருக்குள் போய்விட்டான். கோக் பாட்டில் உருண்டு என் காலருகே வந்து நின்றது.

அதன் பிறகு நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் என் தூண்டில் கழியை மீனோடு ஏரியில் போட்டுவிட்டேன். ராய்ஸின் தூண்டில் நூல் அவன் கையில் சுற்றியிருந்ததால், ஊதா வெளிச்சத்தில் அது ஆழத்துக்கு இறங்குவது தெரிந்தது. வெறுங்கையால் இழுத்தேன். இந்த வெட்டுகள் அதனால் வந்தவை. மேலே வந்தபோதும் அவன் வலையை விடவில்லை. அதன் பிறகு மார்பை அழுத்தினேன், ஆம்புலன்ஸை அழைத்தேன், துறைக்குப் படகை விரட்டினேன்.

எத்தனை நிமிடம் தண்ணீருக்குள் இருந்தான் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று முறை கேட்டார். அதை வைத்துத்தான் வைத்தியமாம். அரை நிமிடம் என்றேன். டார்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அரை நிமிடம்தான் என்கிறேன். ராய்ஸ் இன்னும் கண் திறக்கவில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) வெண்டல் ப்ரூவிட்

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: காலையில் படகைச் சோதித்ததில், மீன் தொட்டியில் ஐந்து மீன்கள் உயிரோடு இருந்தன. பெரியதன் எடை எட்டுப் பவுண்டு மூன்று அவுன்ஸ். கொக்கி அதன் வாயிலேயே இருந்தது. நூல் தொட்டி மூடியின் இடுக்கு வழியாக வெளியே வந்து, படகில் கிடந்த வெண்டலின் கழி வரை நீண்டிருந்தது.