எஞ்சினுக்குள் இருந்த இடம்

டிகோடர் வாங்கப் போகும்போது எஞ்சினையும் கையோடு எடுத்துப்போவது நல்லது, ஐயா. கண்மதிப்பில் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் வீட்டில் ஓடுவது உள்ளங்கைக்குள் அடங்கும் பொம்மை ரயில். அதன் வயிற்றில் உட்காரும் டிகோடர் விரல் நகத்தில் பாதிதான் இருக்கும். கைப்பெட்டியில் பொத்தானை அழுத்தினால் எஞ்சினை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஊதவைப்பதும் அதுதான். இத்தனை சின்ன எஞ்சினில் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

ரயில் என் அண்ணனுடையது. பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது கை விரல்கள் மட்டும் மிச்சம். அவர் கட்டிலோரம் தண்டவாளம் போட்டு, சுவரில் துளையிட்டு, என் அறைவரை கொண்டுவந்தவன் நான்தான். ஏதாவது வேண்டுமென்றால் எஞ்சினை அனுப்பி ஊதுவார்.

தாகத்துக்கு ஊதுவார். புரண்டு படுக்க ஊதுவார். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஊதுவார். "போங்க, உங்க முதலாளி கூப்பிடுறாரு" என்று மனைவி சிரிப்பாள். போகப்போக அவளும் சிரிப்பதை விட்டுவிட்டாள். தூக்கத்திலும் எனக்கு அந்த ஊதல்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கூடப் பிறந்தவர் ஆயிற்றே.

போன மாதம் டிகோடர் எரிந்துபோனது. கடைக்காரர் எஞ்சினைத் திறந்து பார்த்தார்.

"சத்தம் வர்றதையே வெச்சிடலாம் சார். ஸ்பீக்கரும் தாராளமா உட்காரும்."

"சத்தம் வேணாம். ஓட மட்டும் ஒண்ணு கொடுங்க."

வீட்டுக்கு வந்து, "இடம் பத்தலைண்ணே" என்றேன். அவர் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரயில் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது கிடையாது. ஊதும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து வயிறாரச் சாப்பிட்டேன், அசந்து தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அண்ணனுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு என் அறையில் செய்தித்தாளோடு சாய்ந்தேன். துளை வழியே எஞ்சின் வந்து நின்றது. திரும்பிப் போனது, மறுபடி வந்தது. ஊத முடியாதே, பாவம், முன்னும் பின்னுமாக அலைந்தது. அவருக்குப் புரையேறுவதும் கேட்டது, மறைக்கவில்லை. எழுந்திருக்கத்தான் நினைத்தேன். கால் வரவில்லை.

எஞ்சின் தானாக ஓடுகிறது என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னது பொய். கட்டளை வராமல் அது நகராது. விரல் இன்னும் அசைகிறது என்று தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்கத் தாங்க முடியவில்லை. எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். சாயங்காலம் மனைவி வந்துதான் அண்ணனுக்கு மூச்சு நின்றிருந்ததைப் பார்த்தாள்.

வாக்குமூலத்தில் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அண்ணனுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை.