ரெட்டைப் பனைக்கு நேரே

பக்கீர்: சோத்தை எடுத்து உள்ள வையி. எறங்காது எனக்கு.

ஹவ்வா: விடிஞ்சதுல இருந்து இதையேதான் சொல்றீங்க. கட்டுன பொண்டாட்டிகிட்ட காரணத்தைச் சொல்லிட்டுப் பட்டினி கெடங்க.

பக்கீர்: சுண்ணாம்புக் காளவாய் அழகுமலை நாலு வத்தையில ஆளை ஏத்திக்கிட்டுக் கடலுக்குப் போறான். கடப்பாரையும் சம்மட்டியுமா... என் பாரை ஒடைக்க.

ஹவ்வா: ஒங்க பாரா? கடலுக்கு அடியில கெடக்குற பவளப்பாறைக்கு ஒங்க பேருல பட்டா இருக்கா?

பக்கீர்: எகத்தாளம் பேசாத. சமஸ்தானம் போயி பத்து வருசத்துல புதுக்கோட்டையில தெருவுக்குத் தெரு மச்சுவீடு கட்டுறாகளாம். அதுக்குச் சுண்ணாம்பு வேணுமாம். வெறுங் கல்லுதானேங்குறான். உசிரு ஹவ்வா அது! வாப்பா எனக்கு மொதமொதக் காட்டுனப்ப ஒரு உருண்டைப் பவளம், சோத்துப்பானை அளவு இருந்துச்சு. முப்பது வருசம் சங்கு குளிச்சுட்டேன், இப்பத்தான் அண்டா அளவு வந்திருக்கு.

ஹவ்வா: அப்படி என்னதான் இருக்கு அங்க?

பக்கீர்: என்ன இல்ல? மான்கொம்பு கணக்காக் கிளை கிளையா... கிளிமீனு அதைக் கடக்கு கடக்குன்னு கடிக்கிறது காதுல கேக்கும். பூ மாதிரி ஒண்ணு விரிஞ்சு ஆடும், தொட்டா கை எரியும். அதுக்குள்ளயே ஒரு சோடி மீனு, வெள்ளைப் பட்டை போட்டது, குடித்தனம் நடத்துது. கிட்டப் போனா மூஞ்சியிலயே வந்து முட்டும், எங்க வீட்டுல ஒனக்கு என்னடா வேலைன்னு.

ஹவ்வா: முட்டுறது பொட்டை மீனாத்தான் இருக்கும்.

பக்கீர்: சிரிக்காத... அதைப் போயி சம்மட்டியால... அவன் கை வெளங்குமா?

ஹவ்வா: சரி, எடம் எப்படித் தெரிஞ்சுச்சு அவனுக்கு?

பக்கீர்: அதான் என் வயிறு எரியுது. கரையில எதுக்கு நேரா எது தெரிஞ்சா வத்தையை நிறுத்தணும்னு, வாப்பா மவுத்தாகுறதுக்கு மொத நாளு என் காதுல சொன்ன குறி. பெத்த மகனுக்கு மட்டுந்தான் சொல்லணும். ஒனக்கே சொன்னதில்ல. ஒன் தம்பி ஜமால்தான் எப்படியோ மோப்பம் புடிச்சு...

ஹவ்வா: நிறுத்துங்க. வத்தையைப் பாத்தாலே வாந்தி எடுக்குறவன் என் தம்பி. அவன் மேல பழியைப் போட நாக்கு கூசலை?

பக்கீர்: பொறவு யாரு?

ஹவ்வா: வெறகுக் கட்டுக்குப் பின்னால ஒரு மண்ணெண்ணெய் டின்னு இருக்கே. அடியை வெட்டிட்டுக் கண்ணாடி பதிச்சது. அது யாரோடது?

பக்கீர்: அது வந்து...

ஹவ்வா: வாயில என்ன கொழுக்கட்டையா?

பக்கீர்: அன்னவாசல்ல சயின்ஸ் சொல்லிக் குடுக்குறாரே, திருப்பதி சார்... அவரு குடுத்தது. தண்ணி மேல வச்சு எட்டிப் பாத்தா அடி வரைக்கும் தெரியும். போன வெள்ளிக்கெழமை கூட்டிட்டுப் போனேன்.

ஹவ்வா: குறியையும் சொன்னீங்க.

பக்கீர்: அவரு பாத்துட்டு அழுதுட்டாரு ஹவ்வா. முப்பது வருசமா நான் ஒத்தையில பாத்ததை இன்னொரு மனுசன் பாத்து... அந்தச் சந்தோசத்துல வாய் தவறி வந்திருச்சு. சூதுவாது தெரியாதவரு. டீக்கடையில பெருமையாப் பேசியிருக்காரு. பக்கத்துல அழகுமலை ஆளு ஒக்காந்திருந்திருக்கான்.

ஹவ்வா: தப்பு ஒங்களது. பழி என் தம்பிக்கு.

பக்கீர்: தப்புதான்...

ஹவ்வா: இருபது வருசமா ஒங்களுக்கு ஒலை வைக்கிறேன். ஒரு நாளாவது எனக்குக் காட்டணும்னு தோணுச்சா? நேத்து வந்த பேண்ட்டுக்காரருக்கு டின்னு வச்சுக் காட்டுறீங்க. எனக்கு எவ்வளவு ஆத்தாமையா இருக்கு தெரியுமா?

பக்கீர்: பொம்பளையை வத்தையில ஏத்துனா ஊரு என்ன சொல்லும்... இப்ப அதுவா பேச்சு? இந்நேரம் பாதி ஒடச்சிருப்பான்.

ஹவ்வா: ஒடைக்கலை. சேத்துல குத்திக்கிட்டு இருக்கான்.

பக்கீர்: என்ன சொல்றே?

ஹவ்வா: முந்தாநேத்து நீங்க இல்லாதப்ப வாசல்ல வந்து நின்னான். பள்ளிவாசல் மினாராவும் பனையும்னு கேள்விப்பட்டானாம், எந்தப் பனைன்னு தெரியலையாம். அந்தா வடக்க நிக்கிற ஒத்தைப் பனைன்னு கையைக் காட்டிவிட்டேன். அதுக்கு நேரா வெறுஞ் சேறுதானே. சங்கு குளிக்கிறவர் பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்டானா? நாலு நாளு சேறு அள்ளுனான்னா, பாரும் இல்ல ஒண்ணும் இல்லன்னு போயிருவான்.

பக்கீர்: ஹவ்வா... ஒத்தைப் பனை இல்லைன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?

ஹவ்வா: யாரும் சொல்லலை. கடலுக்குப் போன மனுசன் முங்குனவரு எந்திரிச்சாரா இல்லையான்னு, இருபது வருசமா மினாராவை முதுகுக்கு வச்சு ரெட்டைப் பனைக்கு நடுவுல நின்னு பாக்குறேன். நம்ம வத்தை என்னைக்கும் நேரா என் கண்ணுக்கு எதுக்கத்தான் நிக்கும். டின்னைத் தொடச்சு வைங்க. நாளைக்கு அதுல நான் பாக்கணும்.